ரயில் படப் போட்டி நடத்தி நியாயமாகத் தீர்ப்புச் சொல்வது எப்படி? காட்பாடியிலிருந்து ஒரு வழிகாட்டி

போன வருடம் காட்பாடியில் நண்பர்கள் சேர்ந்து, ரயில் படம் எடுக்கும் ஆர்வலர்களுக்காக ஒரு சின்னப் போட்டி நடத்தினோம். 38 பேர், 96 படங்கள். பரிசு கொடுத்து முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முதல் பரிசு வாங்கிய தம்பியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "இவ்ளோ நேரா எப்படிப்பா கிடைச்சுது? எங்க நின்ன?"

"லைனுக்கு நடுவுலதான் அண்ணா. ஹாரன் அடிச்சாரு, உடனே நகர்ந்துட்டேன்."

அவனுக்கு வயது 17. பெருமையாகத்தான் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. அப்படி எடுக்கக் கூடாது என்று எங்கள் விதிகளில் ஒரு வரிகூட இல்லை. நடுவர்களும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அது போதாதென்று, மதிப்பெண் கூட்டிய விதத்திலும் கோளாறு இருந்தது பின்னால்தான் தெரிந்தது. அந்தத் தவறுகளையெல்லாம் திருத்திக்கொண்டு இந்த வருடம் மறுபடி நடத்தினோம். கல்லூரியிலோ, நண்பர் வட்டத்திலோ, குடியிருப்பிலோ இப்படி ஒரு போட்டி நடத்த நினைக்கிறீர்களா? அல்லது நடுவராக வரச் சொல்லி உங்களை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா? கீழே இருப்பது உங்களுக்காக.

1. எந்தப் படத்தை எதோடு ஒப்பிடுவீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஏலகிரி மலை பின்னால் நிற்க, ஜோலார்பேட்டை பக்கம் வளைந்து வரும் சரக்கு வண்டி ஒரு படம். வேலூர் கண்டோன்மென்ட் பிளாட்பாரத்தில் கூடைகளோடு உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மா இன்னொரு படம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது. முதல் முறை அப்படித்தான் செய்தோம். கடைசிச் சுற்று முழுக்க வாக்குவாதமாகிவிட்டது.

மூன்று பிரிவு போதும்: ஓடும் வண்டியும் நிலப்பரப்பும், இன்ஜின் மட்டும், ஸ்டேஷனும் மனிதர்களும். ஒருவருக்கு மூன்று படங்களுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். பத்து அனுப்பலாம் என்றால் பத்தையும் அனுப்புவார்கள். தேர்ந்தெடுக்கும் வேலை உங்கள் தலையில் விழும். தன் படங்களில் எது நல்லது என்று தெரிவதும் படம் எடுப்பவரின் திறமைதானே.

2. எங்கே நின்று எடுத்தது என்பதை விதியாக்குங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டவாளத்தில் நின்று எடுத்த படத்துக்குப் பரிசு கொடுத்தால், அடுத்த வருடம் பத்துப் பிள்ளைகளை நீங்களே தண்டவாளத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

மின்கம்பியும் அப்படித்தான். மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டிய அவசியமே இல்லை, கிட்டே போனாலே இழுத்துவிடும். நிற்கும் சரக்கு வேகன் மேல் ஏறுவது, செல்ஃபி ஸ்டிக்கையோ மோனோபாடையோ (ஒற்றைக் கால் கேமரா ஸ்டாண்ட்) தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது, நடைமேம்பாலத்தின் வலைத்தடுப்புக்கு வெளியே கையை நீட்டுவது எல்லாவற்றையும் விதியில் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள். வரும் வண்டியை நோக்கி ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது, லோகோ பைலட்டின் கண்ணைக் கூசும். வாசலில் தொங்கிக்கொண்டு எடுத்த படமும் ட்ரோன் படமும் எங்கள் போட்டியில் கிடையாது.

அப்படியானால் எங்கே நின்று எடுப்பது? பிளாட்பாரத்தில் விளிம்புக் கோட்டுக்கு உள்ளே, நடைமேம்பாலம், சாலை மேம்பாலத்தின் நடைபாதை, மூடிய கேட்டுக்கு வெளியே, பொதுச் சாலை, உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு வயல் வரப்பு. திருவலத்தில் பொன்னையாற்றுப் பக்கமும், காட்பாடிக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் நடுவில் பாலாற்றுப் பக்கமும் சட்டத்துக்கு உட்பட்டே அருமையான இடங்கள் இருக்கின்றன.

பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். உள்ளே நிற்பதற்கு மட்டும்தான் அது. வியாபாரப் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் தனி அனுமதி வேண்டும். ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலர் வந்து கேட்டால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி, எடுத்த படத்தையும் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் வந்துவிடுங்கள்.

குழுவாகப் போய் ஸ்டேஷனில் படம் எடுக்கவோ, அங்கேயே கண்காட்சி வைக்கவோ எண்ணமிருந்தால், அந்த ஸ்டேஷன் எந்த ரயில்வே கோட்டத்தில் வருகிறதோ அங்கே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இதில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா ரோடு எல்லாம் சென்னைக் கோட்டம். வேலூர் கண்டோன்மென்ட், கணியம்பாடி, ஆரணி ரோடு, போளூர் போகும் விழுப்புரம் லைன் திருச்சிக் கோட்டம். காட்பாடிக்கு வாங்கிய கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்டோன்மென்ட் போனால் செல்லாது.

3. வாங்க வேண்டிய ஆவணங்கள்

ஒரு பக்க விண்ணப்பம் போதும். பெயர், வயது, படம் எடுத்த ஊர், தேதி. அதன் கீழே இந்த மூன்று வரிகள்: "இந்தப் படத்தை நானே எடுத்தேன். ___ என்ற இடத்தில் நின்று எடுத்தேன். தண்டவாளப் பகுதிக்குள் நுழையவில்லை." கோடிட்ட இடத்தைக் கையால் நிரப்பச் சொல்லுங்கள். பொய் எழுத நினைப்பவரும் அந்தக் கோட்டின் முன்னால் ஒரு நிமிடம் தயங்குவார். இந்த வருடம் இரண்டு பேர் அந்த வரியைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் அப்பா, அம்மா அல்லது காப்பாளர் கையெழுத்து. கேங்மேன், போர்ட்டர், வியாபாரி என்று யாருடைய முகமாவது படத்தின் மையமாக இருந்தால், அவர் சம்மதம் கேட்கப்பட்டதா என்று ஒரு கட்டம் போடுங்கள்.

அப்புறம், கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைல். ரா ஃபைல் (கேமரா எந்த மாற்றமும் செய்யாமல் பதிந்தது) இருந்தால் நல்லது, ஃபோனில் எடுத்தவர்கள் அசல் ஜேபெக் கொடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். எந்த கேமரா, எத்தனை மணி என்கிற எக்ஸிஃப் விவரமும் அழிந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். இதை மட்டும் நாலு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். "போட்டிக்கு வந்த படங்கள் எல்லாம் எங்களுக்குச் சொந்தம்" என்று விதியில் எழுதாதீர்கள். கண்காட்சியில் வைக்கவும் போட்டி அறிவிப்பில் பயன்படுத்தவும் மட்டும் அனுமதி கேளுங்கள், அது போதும்.

4. நடுவர்கள்

மூன்று பேர். இரண்டு என்றால் ஆளுக்கொரு பக்கம் நின்று சமமாகிவிடும், ஐந்து பேரை ஒரே நாளில் கூட்டிவருவது கஷ்டம்.

முதல் வருடம் மூன்று பேருமே கல்யாணப் படம் எடுப்பவர்கள். நல்ல கலைஞர்கள், ஆனால் அந்தி வானத்தையும் நிழலுருவத்தையும் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். இன்ஜின் கூரையிலிருந்து எழும்பி மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் படத்தில் வெட்டுப்பட்டிருப்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. அதற்காக மூன்று பேரும் ரயில் பைத்தியமாக இருந்தாலும் ஆபத்துதான். அரக்கோணம் ஷெட்டின் பழைய வாப்-4 மின்சார இன்ஜின் தெரிந்தாலே மயங்கி மார்க் போட்டுவிடுவார்கள். வண்டி அபூர்வம் என்பதற்கும் படம் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ஒளியும் சட்டகமும் தெரிந்த ஒருவர், ரயில் தெரிந்த ஒருவர், இரண்டும் இல்லாமல் படம் பார்க்கத் தெரிந்த ஒருவர். இந்த வருடம் மூன்றாவதாக வந்தவர் ஓர் ஓவிய ஆசிரியை. கடைசிச் சுற்றில் மற்ற இருவரும் அடிக்கடி அவர் பக்கம்தான் திரும்பினார்கள்.

போட்டியில் கலந்துகொள்பவரின் உறவினரோ ஆசிரியரோ நடுவராக வேண்டாம்.

5. நடுவர் பார்ப்பதற்கு முன் சரிபார்ப்பு

இது அமைப்பாளர் வேலை, நடுவர் தலையில் கட்டாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பெயரும் மூலையில் இருக்கும் வாட்டர்மார்க்கும் தெரியாதபடி செய்த பிறகு இவற்றைப் பாருங்கள்.

முதலில் கம்பி. இப்போது ஃபோனிலேயே வேண்டாத பொருளை விரலால் தேய்த்து அழிக்கலாம். ஒரு படத்தை 12×18 அங்குலத்தில் பிரின்ட் போட்ட பிறகுதான் கவனித்தேன். இன்ஜின் கூரையில் பான்டோ முழு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது, அது உரசி ஓட வேண்டிய கம்பியைக் காணோம். கம்பியைத் தாங்கும் கம்பமான மாஸ்ட் இருக்கிறது, மாஸ்ட்டிலிருந்து நீளும் கை இருக்கிறது, அந்தக் கை பிடித்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீல வானம். அழகுக்காக அழித்திருக்கிறார். திரையில் சின்னதாகப் பார்த்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கி, பான்டோவிலிருந்து கம்பி வழியாகக் கண்ணை ஓட்டுங்கள்.

இரண்டாவது, இடவலம் திருப்பிய படம். நம் இரட்டைப் பாதையில் வண்டிகள் பொதுவாக இடப்பக்கம் ஓடும். வலப்பக்கம் வருவதுபோல் தெரிந்தால் இன்ஜின் எண்ணைப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, வந்தே பாரத். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், போகிற வண்டியின் வாலை எடுத்துவிட்டு வருகிற வண்டி என்று தலைப்பு வைக்கிறார்கள். விளக்கைப் பாருங்கள்: முன்னால் வெள்ளை, வாலில் சிவப்பு. வாலை எடுப்பது தப்பில்லை. வருகிறது என்று சொல்வதுதான் தப்பு.

எக்ஸிஃப் நேரம் நிழலோடு ஒத்துவராவிட்டால் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். கேமராக் கடிகாரத்தைச் சரியாக வைக்காதவர்கள் நிறையப் பேர். ஃபோனில் கூப்பிட்டுக் கேளுங்கள். இணையத்தில் படத்தைக் கொடுத்துத் தேடிப் பார்ப்பதற்கு ஒரு படத்துக்கு அரை நிமிடம்தான் ஆகும், அதையும் செய்துவிடுங்கள். ஏஐ உருவாக்கிய படங்களில் பெட்டி எண்ணும் ஊர்ப் பெயர்ப் பலகையும் பல நேரம் குழம்பிக் கிடக்கும்.

6. படத்தை எப்படிப் பார்ப்பது

*வெயில்.* காட்பாடி வழியாகப் போகும் நம் சென்னை-ஜோலார்பேட்டை லைன் கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் சென்னை நோக்கிப் போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸின் முகத்தில் நேராக வெயில் விழும், சுலபமாக அழகான படம் கிடைக்கும். அதே காலையில் பெங்களூரு பக்கம் போகும் பிருந்தாவனுக்கும் மைசூரு வந்தே பாரத்துக்கும் சூரியன் முதுகுப் பக்கம். முகம் இருண்டுவிடும். அந்த இருண்ட முகத்தையும் பின்னால் வெளுத்த வானத்தையும் ஒரே படத்தில் அடக்கியவர், ஏலகிரியை எடுத்தவரைவிட அதிகம் உழைத்திருக்கிறார். அதை நடுவர் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் உழைப்புக்காக மட்டும் மார்க் போடவும் கூடாது. படத்தில் அந்த உழைப்பு பலித்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்க சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். லைனுக்குத் தெற்குப் பக்கம் நின்றவருக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் வெளிச்சம் கிடைக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மத்தியான வெயில் வடக்கே போய்விடும். கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் லைன் தெற்கே திரும்புவதால் இந்தக் கணக்கே மாறும்: காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம்.

*கூர்மை.* 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் நகர்கிறது. கேமரா ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் மூன்று சென்டிமீட்டர், இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் பன்னிரண்டு சென்டிமீட்டர். தூரத்தில் நின்று எடுத்தால் இந்த அசைவு தெரியாது, பக்கத்தில் குறுக்காகப் போகும் வண்டியில் பளிச்சென்று தெரியும். வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுத்த படமென்றால் பின்புலம் கலைந்திருக்க வேண்டும், இன்ஜின் எண்ணைப் படிக்க முடிய வேண்டும். இரண்டுமே கலங்கியிருந்தால் அது தவறிப்போன படம்.

ஒன்றை மட்டும் மன்னியுங்கள். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் காலை ஒன்பதைத் தாண்டினாலே ஜல்லியிலிருந்து கானல் எழும்பும். நீள லென்ஸில் எடுத்தால் தண்டவாளம் தண்ணீர்போல் நெளியும். அது ஃபோகஸ் பிழையில்லை. அந்த நெளிவையே படமாக்கியவர் இருந்தால் ரசியுங்கள். கவனிக்காமல் எடுத்திருந்தால் அதற்குண்டான மார்க்கைக் குறையுங்கள்.

*சட்டகம்.* மாஸ்ட்டுகள் நேராக நிற்கின்றனவா? இன்ஜின் மூக்கிலிருந்து கம்பம் முளைத்ததுபோல் இருக்கிறதா? பான்டோவின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதா? வண்டி போகிற திசையில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்களா? கடைசிப் பெட்டி சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பது சிலர் பிடிக்கும் பிடிவாதம். 24 பெட்டி வண்டிக்கு அது வளைவில்தான் நடக்கும், கட்டாயமாக்காதீர்கள்.

*கதை.* எங்கள் நடுவர்கள் கடைசியில் ஒருமனதாக ஒத்துக்கொண்ட ஒரே படம் இது. லத்தேரி பக்கம், மூடிய கேட். ஓர் அம்மா சைக்கிளில் பால் கேனோடு நிற்கிறார். பின்னால் சரக்கு வண்டி ஓடிய கலங்கல், அவ்வளவுதான். அவருடைய ஒரு கால் மட்டும் செருப்பில்லாமல் தரையில் ஊன்றியிருக்கிறது, மற்றது பெடலில். கேட் திறந்ததும் மிதிக்கத் தயார். வண்டி என்ன வண்டி என்று அந்தப் படத்தில் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.

7. மார்க் போடும் முறை

போட்டியில் இல்லாத பத்துப் படங்களை முதலில் காட்டி, மூன்று பேரையும் தனித்தனியாக மார்க் போடச் சொல்லுங்கள். பிறகு பேசட்டும். ஒருவர் 3-லிருந்து 9 வரை போடுவார், இன்னொருவர் 6, 7-ஐத் தாண்ட மாட்டார். இதைச் சரிசெய்யாமல் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

படம் எண் 6: நடுவர்கள் போட்டது 9, 6, 6. மொத்தம் 21.
படம் எண் 16: 5, 7, 7. மொத்தம் 19.

மூன்றில் இருவர் 16-தான் நல்லது என்கிறார்கள், ஆனால் ஜெயிப்பது 6. அகலமாக மார்க் போடுபவர் தனியாளாகத் தீர்ப்பை எழுதிவிடுகிறார். முதல் வருடம் எங்களுக்கு நடந்தது இதேதான்.

அதனால் முதல் சுற்றில் மார்க்கே வேண்டாம். ஒரு படத்துக்கு 20 நொடி, பேசாமல், "இருக்கட்டும்" அல்லது "வேண்டாம்" மட்டும். இருவர் இருக்கட்டும் என்றால் தங்கும். 96 படத்துக்கு அரை மணி நேரம் கொஞ்சம் கூட ஆகும். ஒரே ஒருவர் மட்டும் விரும்பியவற்றை ஓரமாக வைத்துக்கொண்டு, கடைசியில் ஒருமுறை மறுபடி காட்டுங்கள். அந்தப் பால்கார அம்மா படம் முதல் சுற்றில் அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

அடுத்து ஒரு பிரிவுக்கு ஆறு படம் வரை குறைத்து, இரண்டிரண்டாக மோத விடுங்கள். ஆறு படத்துக்கு 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை காட்ட வேண்டும், காத்திருந்து அடுத்தவர் கையைப் பார்க்கக் கூடாது. அதிகம் ஜெயித்தது முதலிடம். சமமாக வந்தால் அந்த இரண்டும் மோதியபோது எது ஜெயித்தது என்று பாருங்கள். ஜோடியைப் பற்றிக் கை காட்டிய பிறகுதான் பேச்சு. எங்கள் அனுபவத்தில் ஒரு பிரிவுக்கு முக்கால் மணி நேரம்.

எல்லாவற்றையும் ஒரே திரையில், ஒரே வெளிச்சத்தில் காட்டுங்கள். கடைசி ஆறு படங்களைப் பிரின்ட்டிலும் பார்ப்பது நல்லது. கம்பி இல்லாத படம் மாட்டிக்கொண்டது பிரின்ட்டில்தான்.

8. செலவும் நாளும்

இந்த வருடம் எங்களுக்கு ஆனது: கூடம் ஒரு நாளைக்கு 1500, 12×18 பிரின்ட் ஒன்று 110 வீதம் 20 படத்துக்கு 2200, அட்டையில் ஒட்ட 1200, நடுவர்கள் போக்குவரத்தும் சாப்பாடும் 1800, சான்றிதழ் 600, பரிசுப் புத்தகங்கள் 3000. ஆக 10,300 ரூபாய். தலைக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தோம், மீதியை ஆறு பேர் பகிர்ந்துகொண்டோம். பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

அறிவிப்பிலிருந்து பரிசு நாள் வரை எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். படம் அனுப்ப நாலு வாரம், சரிபார்க்க ஒரு வாரம், விளக்கம் கேட்டு அழைக்க ஒரு வாரம், நடுவர் நாள், அப்புறம் பிரின்ட்டுக்கு ஒரு வாரம். முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம்தான் முதல் வேலை, ஒரு வாரம் இரண்டாகும். மே மாதத்தில் வைக்காதீர்கள், யாருக்கும் வெளியே போய் எடுக்கத் தெம்பு இருக்காது. மழை ஓய்ந்த டிசம்பரில் அறிவித்தால் தெளிந்த வானமும் பச்சை வயலும் கிடைக்கும்.

9. முடிவுக்குப் பிறகு

பரிசு பெறாத ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். "மாஸ்ட் சாய்ந்திருந்தது, அடுத்த முறை நிமிர்த்துங்கள்" என்பதுபோல், எண்ணைக் குறிப்பிட்டு. 96 படத்துக்கு இரண்டு சாயங்காலம் போயிற்று. நடுவர்கள் பேசும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மேல்முறையீட்டுக்கு ஏழு நாள் கொடுங்கள், ஆனால் விதி மீறல் பற்றி மட்டும். ரசனையைப் பற்றிய புகாரை எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டவாளத்தில் நின்று எடுத்தது பின்னால் தெரிந்தால் பரிசு ரத்து என்றும், அடுத்த இடத்தில் இருப்பவர் மேலே வருவார் என்றும் முன்கூட்டியே விதியில் எழுதியிருக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் பரிசைத் திரும்பக் கேட்க எங்களிடம் விதி இல்லை, கேட்கவும் இல்லை. அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். இந்த வருடம் நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த மூன்று படங்கள் அனுப்பினான், ஒன்று கடைசி ஆறுக்குள் வந்தது. அடுத்த வருடம் சரிபார்ப்பு வேலைக்கு அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.